கொழிஞ்சாம்பாறை வெயிலிலும் காற்றிலும் ஓர் ஆமைக்குஞ்சுக்குப் பெட்டி அமைப்பது எப்படி?

நீங்கள் முக்கியமாகக் கேட்டவை இரண்டு. கோவையில் வாங்கிய ஐந்து சென்டிமீட்டர் ஆமைக்குஞ்சுக்கு இரண்டடிக் கண்ணாடித் தொட்டி போதுமா? மணல் பரப்பி 60 வாட் பல்பு போட்டிருப்பது சரியா? ஆனால் போகிறபோக்கில் நீங்கள் சொல்லியிருக்கும் மூன்று விஷயங்கள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. கடைக்காரர் "இது பாலைவன ஆமை, தண்ணீர் வேண்டாம்" என்றிருக்கிறார். குஞ்சு பகலெல்லாம் மூலையில் கண்ணை மூடிக் கிடக்கிறது. கழிவில் வெள்ளையாக, மணல் மணலாக ஏதோ வருகிறது. ஆகவே தொட்டியின் அளவைவிட, அதற்குள் ஈரமும் சூடும் எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே கேள்வி. அதற்கே முதலிடம் கொடுத்துப் பதில் சொல்கிறேன்.

அதற்கு முன்னால், இது என்ன ஆமை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். ஓட்டின் கட்டங்கள் வெளிர்மஞ்சள் நிறம், ஓரங்களில் பழுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஆப்பிரிக்காவின் சல்காட்டா ஆமைக்குஞ்சுக்குப் பொருந்துகிறது. அப்படியில்லாமல் கருநிறக் கட்டங்களில் நடுவிலிருந்து மஞ்சள் கோடுகள் விரிந்தால் அது நம் நட்சத்திர ஆமை. ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் வறண்ட புதர்க்காடுகளில் வாழ்வது; கேரளத்தில் சின்னாறு சரணாலயத்தில் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இப்போது இருப்பதால் அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். தண்டனை மூன்று ஆண்டிலிருந்து ஏழு ஆண்டு வரை சிறை, அபராதம் வேறு. அப்படியானால் பெட்டி பற்றிய பேச்சுக்கே இடமில்லை, வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள். வாளையாறு பக்கம் காட்டில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். வீட்டில் வளர்ந்தது நோயைக் காட்டுக்குள் கொண்டுபோகும், அல்லது தானே செத்துப்போகும். சல்காட்டாவாகவே இருந்தாலும் அது காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ள உயிர். 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, இத்தகைய வெளிநாட்டு உயிர்களை வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். புதிதாக வாங்கினால் 30 நாளுக்குள். நீங்கள் இருப்பது பாலக்காடு மாவட்டம் என்பதால் விண்ணப்பம் கேரளத் தலைமை வனவுயிர்க் காப்பாளருக்குப் போகும். கடையில் ரசீது வாங்கவில்லை என்றால் இந்த வாரமே போய் வாங்குங்கள்.

சல்காட்டா என்றே வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன். இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. நீங்கள் சொல்லும் அந்த வெள்ளைக் கழிவு யூரேட் எனப்படும் உப்பு. உடம்பில் நீர் போதுமான அளவு இருந்தால் அது கூழ்போல மென்மையாக வரும். நீர் வற்றினால்தான் நறநறவென்று மணலாகும். உள்ளே பார்க்க முடியாத உயரமான பிளாஸ்டிக் பேசினில் வெதுவெதுப்பான தண்ணீரை, 32 டிகிரிக்கு மேல் 35-ஐத் தாண்டாமல், மேல் ஓடும் கீழ் ஓடும் சேருகிற இடம் வரை மட்டும் ஊற்றி, குஞ்சை 20 நிமிடம் அதில் விடுங்கள். தலையைச் சிரமமில்லாமல் வெளியே நீட்டி வைத்துக்கொள்ள முடிய வேண்டும். தண்ணீர் ஆறினால் மாற்றுங்கள். இதை முதல் ஆறு மாதம் தினமும் காலையில் செய்ய வேண்டும். கழிவும் பெரும்பாலும் அந்தத் தண்ணீரிலேயே போய்விடும் என்பதால் பெட்டி சுத்தமாக இருக்கும் லாபமும் உண்டு. இரண்டு மூன்று நாளில் கண்ணைத் திறந்து நடமாட ஆரம்பித்தால் நீர் வற்றியதுதான் காரணம் என்று கொள்ளலாம். திறக்கவில்லை என்றால் வேறு காரணங்கள் இருக்கலாம். எழுத்தை வைத்து அவற்றைப் பிரித்துச் சொல்ல முடியாது, மருத்துவர் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

பாலைவன ஆமை என்று கடைக்காரர் சொன்னது முழுப் பொய் இல்லை. சல்காட்டாவின் ஊர் சகாராவின் தெற்கு விளிம்பில் உள்ள சாஹேல் நிலம். ஆனால் அங்கே அது வெட்டவெளி மணலில் கிடந்து வளர்வதில்லை. குஞ்சுகள் மழைக்காலத்தை ஒட்டி முளைத்த புல்லுக்கு அடியிலும், வளைக்குள்ளும்தான் நாளைக் கழிக்கின்றன. வளைக்குள் காற்று வெளியைவிட மிகவும் ஈரமானது. வறண்ட கண்ணாடித் தொட்டியில் பல்புக்கு அடியில் வளரும் குஞ்சின் ஓட்டில் ஒவ்வொரு கட்டமும் கூம்புபோல மேலெழும்புவதற்கு இந்த ஈரம் கிடைக்காததே காரணம். 2003-ல் வெளியான வியன்னா ஆய்வு ஒன்றில் 50 சல்காட்டா குஞ்சுகளை ஐந்து மாதம் வெவ்வேறு ஈரப்பதத்திலும், உணவில் வெவ்வேறு புரத அளவிலும் வளர்த்துப் பார்த்தார்கள். வறண்ட சூழலில் வளர்ந்தவற்றுக்கே கூம்பு உயரமாக வந்தது. புரதத்தின் பங்கு மிகச் சிறியது. ஈரப்பதம் முக்கியம் என்பதில் ஆகவே சந்தேகமில்லை. விவாதத்தில் இருப்பது, எவ்வளவு ஈரம் போதும் என்பதும், வேகமான வளர்ச்சி தன்னளவில் கெடுதலா என்பதும்தான். ஆமையின் மட்டத்தில் அளந்து 80 சதவீதத்தை ஒட்டி வைத்திருங்கள் என்பது இன்று அனுபவமுள்ள வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் பின்பற்றுவது. எழும்பிய கூம்பு மறுபடி அமுங்காது. இனி வளரும் பகுதியை மட்டும்தான் சமமாக்க முடியும்.

இனிப் பெட்டி. இரண்டடித் தொட்டியில் ஒரு மூலை சூடாகவும் மறுமூலை குளுமையாகவும் இருக்க வழியில்லை. 60 வாட் பல்பு முழுத் தொட்டியையும் ஒரே உலையாக்கிவிடும். நான்கடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் 12 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையில் ஆசாரியிடம் ஒரு பெட்டி செய்துகொள்ளுங்கள். மேலே மூடி, முன்பக்கம் நகர்த்தித் திறக்கும் கண்ணாடி, இரண்டு பக்கவாட்டிலும் உயரமான இடத்தில் ரூபாய் நாணய அளவில் நான்கைந்து துளைகள் போதும். பெரிய துளை வைத்தால் ஈரம் தங்காது. உள்ளே அடியிலும் சுவரில் அரையடி உயரம் வரையிலும் சில்பாலின் தார்ப்பாயை ஒரே துண்டாக மடித்து ஒட்டுங்கள். மூலையில் வெட்டினால் நீர் கசிந்து பலகை ஆறு மாதத்தில் ஊறிப்போகும். முன்கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் வெளியிலிருந்து பத்து சென்டிமீட்டர் உயரத்துக்குக் காகிதம் ஒட்ட மறக்காதீர்கள். கண்ணாடி என்பது ஆமைக்குப் புரியாது. வெளியே தெரிகிற இடத்துக்குப் போக நாள் முழுக்க முட்டிக்கொண்டே இருக்கும்.

மணலை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். தழையோடு சேர்த்து விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும்; கூழாங்கல்லும் அப்படியே. செய்தித்தாள் வழுக்கும், ஈரத்தையும் பிடிக்காது. வைக்கோலை ஈரமாக்கினால் பூஞ்சணம் பிடிக்கும். மரக்கடைத் தூளில் எந்த மரம் கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. உங்களுக்கு வாய்ப்பான பொருள் பக்கத்திலேயே இருக்கிறது, பொள்ளாச்சித் தென்னைநார்க் கழிவு. உப்பு நீக்கிக் கழுவிய கட்டி என்று கேட்டு வாங்குங்கள். ஐந்து கிலோக் கட்டி ஒன்று தண்ணீரில் ஊறினால் 60 லிட்டருக்கு மேல் பெருகும். நான்கடிக்கு இரண்டடிப் பெட்டியில் எட்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்ப அதுவே போதும். வடியும் நீர் தெளியும் வரை வீட்டிலும் இரண்டு தடவை அலசிக்கொள்ளுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு விழ வேண்டும், ஓடக் கூடாது. பரப்பியபின் உள்ளங்கையால் நன்றாக அழுத்திக் கெட்டிப்படுத்துங்கள். பொலபொலவென்று விட்டால் கண்ணிலும் வாயிலும் ஒட்டும். பின்னாளில் தண்ணீர் சேர்க்கும்போது மேலே தெளிக்காமல் நான்கு மூலைகளிலும் ஊற்றுங்கள். அடி ஈரமாக இருக்க வேண்டும், மேல் ஒரு சென்டிமீட்டர் கிட்டத்தட்ட உலர்ந்திருக்க வேண்டும். எப்போதும் சொதசொதவென்ற தரையில் உட்கார்ந்தே இருந்தால் கீழ் ஓடு அழுக ஆரம்பிக்கும்.

உள்ளே வைக்க வேண்டிய சாமான் அதிகமில்லை. ஒளிந்துகொள்ள இரண்டு இடம், ஒன்று சூடான பக்கம், ஒன்று குளிர்ந்த பக்கம். சின்ன மண்சட்டியைப் படுக்கவைத்துப் பாதி புதைத்தால் போதும். சிரட்டையும் ஆகும், ஆனால் இரண்டு மாதத்தில் சின்னதாகிவிடும். குளிர்ந்த பக்கச் சட்டிக்குள் நார்க்கழிவை மற்ற இடத்தைவிட ஈரமாக வையுங்கள். தூங்குவதற்கு அதையே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கும். தண்ணீருக்குப் பூந்தொட்டியின் அடியில் வைக்கும் மண்தட்டு, விளிம்பு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம்; விளிம்பு தரையோடு சமமாக இருக்கும்படி புதைத்துவிடுங்கள். கடையில் விற்கும் செங்குத்துச் சுவர்க் கிண்ணங்களில் குஞ்சு ஏறும்போது கவிழ்ந்து மல்லாந்துவிடும். மல்லாந்த குஞ்சு தண்ணீரில் மூழ்கும். பல்புக்கு அடியில் கவிழ்ந்தால் வெந்துபோகும். பல்புக்கு நேர் கீழே ஏறிக் கவிழக்கூடிய எதையும் வைக்காமல், கையளவு கடப்பைக் கல் ஒன்றைத் தட்டையாகப் பதியுங்கள். உணவை வேறொரு கல்லில் அல்லது பழைய ஓட்டுத் துண்டில் போடுங்கள். அலகும் நகமும் தானாகத் தேயும்.

சூடு மேலிருந்துதான் வர வேண்டும். அடியில் சூடேற்றும் பாயும், சூடாகும் கல்லும் கீழ் ஓட்டைப் பொசுக்கும். ஆமையால் அடிவயிற்றுச் சூட்டைச் சரியாக உணர்ந்து நகர முடிவதில்லை. ஒரு கோடியில் குண்டு பல்பு ஒன்றைப் பீங்கான் ஹோல்டரில் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும். எல்இடி பல்பு சூடு தராது. கல்லின் மேல் 35 முதல் 37 டிகிரி வரும்வரை உயரத்தைக் கூட்டிக் குறையுங்கள், 30 சென்டிமீட்டரில் தொடங்கலாம். மூடிய பெட்டியில் 40 வாட்டே போதுமானதாக இருக்கலாம், வாட்டை நம்பாமல் வெப்பமானியை நம்புங்கள். டைமர் போட்டு 12 மணி நேரம் எரியட்டும். இரவுக்கு வெளிச்சம் இல்லாமல் சூடு மட்டும் தரும் செராமிக் ஹீட்டர் ஒன்று, தெர்மோஸ்டாட்டோடு. அதன் உணர்முனையைக் குளிர்ந்த கோடியில் வைத்து 27-ல் நிறுத்துங்கள். சிவப்பு பல்பை இரவில் எரிப்பது பழைய பழக்கம், அதை விட்டுவிடலாம். இரண்டு டிஜிட்டல் வெப்ப-ஈரமானிகளை ஆமையின் உயரத்தில் இரண்டு கோடியிலும் வையுங்கள். சுவரில் ஒட்டும் முள் வைத்த வட்ட ஈரமானிகள் பத்துப் பதினைந்து சதவீதம் தவறாகக் காட்டுவது சாதாரணம்.

எலும்புக்கும் ஓட்டுக்கும் சுண்ணச்சத்து சேர புற ஊதாக் கதிர் வேண்டும். ஜன்னலோரம் வைத்திருப்பதால் வெயில் கிடைக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கண்ணாடி அந்தக் கதிரை மறித்துவிடும், சூட்டை மட்டும்தான் உள்ளே விடும். நேர்வெயிலில் மூடிய கண்ணாடித் தொட்டி நிமிடக் கணக்கில் ஆமையைக் கொல்லும் அளவுக்குச் சூடாகும். மாறாக, வாரத்தில் நான்கைந்து நாள் காலை எட்டு மணிவாக்கில் அரை மணி நேரம் முற்றத்தில், பாதி நிழல் விழும்படி, மேலே கம்பிவலை போட்ட பெட்டியில், நீங்கள் பக்கத்திலேயே இருக்க, வெயில் காட்டினால் பாலக்காட்டில் பெரும்பாலான மாதங்களுக்கு அது போதும். இடவப்பாதியில், அதாவது தென்மேற்குப் பருவமழையில், வாரக்கணக்கில் வெயில் முகம் காட்டாத நாட்களுக்காக ஐந்து அல்லது ஆறு சதவீத யூவிபி டியூப் (அந்தப் புற ஊதாக் கதிரைத் தரும் விளக்கு) ஒன்று வாங்கி வைப்பது நல்லது. சுருள் பல்பு வேண்டாம், நீள டியூபே நல்லது. வெளிச்சம் குறையாமலேயே கதிர் குறைந்துவிடும் என்பதால் ஆண்டுக்கொரு முறை மாற்ற வேண்டும்.

மேல்நாட்டுக் குறிப்புகளைப் படித்து அப்படியே செய்தால் உங்கள் ஊரில் தவறும். அவர்கள் குளிரை மட்டுமே எதிரியாக வைத்து எழுதுகிறார்கள். உங்களுக்குப் பருவத்துக்கு ஓர் எதிரி. மார்ச் முதல் மே வரை வெளியே 38, 40 டிகிரி போகும்போது பல்பு தேவைப்படாமலே போகலாம். பெட்டியை ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் வைக்காமல் ஓட்டு வீட்டின் உள்ளறையிலோ தரைத்தளத்திலோ வையுங்கள். குளிர்ந்த கோடி 33-ஐத் தாண்டினால் மூடிமேல் ஈரச் சாக்கு போடுங்கள். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து அடிக்கும் காற்று எல்லாவற்றையும் உலர்த்தும். மூடி திறந்திருந்தால் ஒரே இரவில் ஈரப்பதம் பாதியாகும், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மூலைகளில் ஒரு லிட்டர் வரை தண்ணீர் தேவைப்படும். உண்மையில் ஆபத்தானது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. மேற்கு பாலக்காட்டளவு மழை உங்களுக்கு இல்லை என்றாலும் இரவு 22, 23 டிகிரிக்கு இறங்கும். ஈரமும் சூடும் சேர்ந்தால் குஞ்சு நன்றாக வளரும். ஈரமும் குளிரும் சேர்ந்தால் மூக்கில் நுரை தள்ளி நிமோனியாவில் முடியும். இரவு ஹீட்டர் வாங்க இப்போது பணம் இல்லை என்றால் அது வரும்வரை தரையை உலர்வாகவே வைத்து, தினசரிக் குளியலை மட்டும் தொடருங்கள். மின்தடை வரும் இரவுகளில் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி, குஞ்சோடு தெர்மாகோல் பெட்டியில் வைத்துச் சமாளிக்கலாம். மூடியில் காற்றுக்குத் துளை இருக்கட்டும்.

உணவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வெள்ளரியும் தக்காளியும் கொடுப்பதாகச் சொன்னதால் சுருக்கமாக. சல்காட்டா புல் தின்னும் உயிர். இளம் அறுகம்புல்லைப் பொடியாக நறுக்கி, செம்பருத்தி இலை, பூ, மல்பெரி இலை, பரங்கி இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடல் ஆகியவற்றோடு கலந்து, அது தின்னும் அளவுக்குக் காலையில் கொடுங்கள். முருங்கைக்கீரை வாரம் இரண்டு நாள் போதும். பாலக், தண்டுக்கீரை வகைகளில் உள்ள ஆக்சலேட் சுண்ணச்சத்தைப் பிடித்துக்கொள்ளும், அவை அன்றாட உணவாகக் கூடாது. பழம், சோறு, பருப்பு, ரொட்டி எதுவும் வேண்டாம். வேலியோரம் பறிக்கும்போது அரளி, எருக்கு, உண்ணிச்செடி, ஆமணக்கு, குரோட்டன் கலந்துவிடாமல் பாருங்கள். பட்டுப்பூச்சிக்காரர் தோட்டமோ காய்கறித் தோட்டமோ என்றால் மருந்து அடித்து எத்தனை நாளாயிற்று என்று கேட்டுப் பறியுங்கள். கணவாய் மீனின் உள் ஓட்டினை நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று விற்பார்கள். அதில் ஒரு துண்டைப் பெட்டியில் போட்டுவைத்தால் வேண்டும்போது கொறிக்கும். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தடவிக் கொடுக்கச் சொல்லும் யோசனை சில இடங்களில் உலவுகிறது. அது வாயையும் தொண்டையையும் வேக வைத்துவிடும், தொடவே வேண்டாம்.

பெட்டியை மேசைமேல் வைத்து, நான்கு கால்களுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள். செவ்வெறும்பு ஐந்து சென்டிமீட்டர்க் குஞ்சின் கண்ணையும் தொப்புள் வடுவையும் ஓர் இரவில் தின்றுவிடும். வெளியே காக்கையும், கீரியும், பெருச்சாளியும் உண்டு என்பதால் பத்து சென்டிமீட்டர் வளரும்வரை ஒரு நிமிடம்கூடத் தனியாக முற்றத்தில் விடக் கூடாது. துணைக்கு இன்னொன்று வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். இது கூட்டமாக வாழும் உயிர் அல்ல. இரண்டாக வைத்தால் ஒன்று மற்றதை உணவிலிருந்தும் சூட்டிலிருந்தும் சத்தமில்லாமல் விரட்டிக்கொண்டே இருக்கும். கடைகள் ஜோடி விற்பது வியாபாரத்துக்காக. அதோடு, இந்த ஒன்றே ஓராண்டில் இந்தப் பெட்டியை நெருக்கமாக்கும், வளர்ந்தால் 40, 50 கிலோ எடையும் அதற்கு மேலும் ஏறும், தோண்டும், எழுபது ஆண்டு வரைகூட இருக்கும். தோட்டமும் தடித்த மதிலும் உள்ள வீடா என்பதை இப்போதே யோசியுங்கள்.

சமையலறை டிஜிட்டல் தராசில் வாரம் ஒருமுறை, குளிப்பாட்டுவதற்கு முன் எடை போட்டு எழுதிவையுங்கள். தொடர்ந்து இரண்டு வாரம் எடை இறங்கினாலோ, மூக்கில் குமிழி வந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, ஓடு கைக்குப் பஞ்சுபோல அமுங்கினாலோ காத்திருக்காதீர்கள். முதல் சில மாதங்களில் ஓடு லேசாக வளைந்து கொடுப்பது மட்டும் இயல்பு. மாட்டுக்கும் நாய்க்கும் பார்க்கும் மருத்துவர்கள் எல்லோரும் ஆமையைப் பார்த்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. திருச்சூர் அருகே உள்ள மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோவது பாதுகாப்பு. யாரிடம் போனாலும் இரண்டு விஷயத்தை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒன்று, புழுவுக்கும் உண்ணிக்கும் மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஆமையின் உயிரையே எடுக்கும், எந்த அளவிலும் கூடாது. இரண்டு, கண் மூடியிருக்கிறது என்பதற்காக உடனே வைட்டமின் ஏ ஊசி போட வேண்டாம். அளவு மிஞ்சினால் தோல் உரிந்துவிடும். நீர் வற்றியதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். போகும்போது ஈரத்துண்டு விரித்த சின்னப் பெட்டியில், ஏசி காற்று நேராகப் படாமல் எடுத்துப் போங்கள். கடைசியாகப் போன கழிவு, எடை எழுதிய தாள், பெட்டியின் உட்புறப் புகைப்படம் மூன்றும் கையில் இருக்கட்டும். ஆமையின் உடம்பில் சால்மோனெல்லா கிருமி இருப்பது சகஜம். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், பேசினைச் சமையலறைத் தொட்டியில் அலசாதீர்கள், ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.